அவர் வசனத்தை மறக்கவில்லை

ஸ்பிரிங்வேலில் என் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கறிக் கடை. அங்கே முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் என்னையே பார்த்தபடி மெல்லக் கிட்ட வந்தார்.

"அன்ரி, நீங்கள் போன கிழமை செத்துப் போனனீங்கள் எல்லே?"

"ஓம். லிஃப்டுக்குள்ள" என்றேன்.

"எனக்குச் சரியான கவலை. அந்த மருமகன்தான் செய்தவன் எண்டு நான் முதலே சொன்னனான். இவர்தான் நம்பேல்லை."

பின்னால் தள்ளுவண்டியோடு நின்ற கணவர் தலைகுனிந்துகொண்டார். அந்தப் பெண் எனக்கு நல்ல முருங்கைக்காயாக நாலைந்து பொறுக்கித் தந்துவிட்டுப் போனார். என் பெயரைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் வந்திருக்கும் தொழில் இதுதான். சிட்னியில் தொலைக்காட்சி நடிப்புக்கு முயற்சி செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறீர்கள், 'அன்ரி, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ' என்று கேட்டீர்கள். கதாநாயகி ஆவது எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் டொக்டராக, நீதிபதியாக, மகனை இழந்த தாயாக, கொலையைக் கண்ட பக்கத்து வீட்டுக்காரியாக வந்து போனவள். குணச்சித்திரம் என்று மரியாதையாகச் சொல்வார்கள்.

நான் இதற்குள் வந்ததே ஒரு பல்வலியால். என்னுடைய பல்லில்லை. டூங்கபியில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீங்கின கன்னத்தோடு வந்த ஒரு பெண்ணிடம், "கொஞ்சமும் நோகாது, பயப்பிடாதைங்கோ" என்று வழக்கம்போல் சொன்னேன். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தவர், "நீங்கள் சொன்னதை நான் முழுசாக நம்பினேன். நடிப்பீர்களா?" என்று கேட்டார். தொலைக்காட்சிக்கு ஆள் தேடுவது அவருடைய வேலையாம். அப்படித் தொடங்கியது.

எத்தனையோ கதை இருக்கிறது. ஆனால் நீங்கள் ஒன்றை மட்டும் வாசித்துவிட்டுப் போவதானால், அந்த அமெரிக்கரின் கதையை வாசியுங்கள்.

அமெரிக்கத் தொடர்களைச் சிட்னியில் எடுப்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு மருத்துவமனைத் தொடர். கதை நடப்பது அமெரிக்காவில் ஒரு நகரத்தில். அந்த நகரத்தின் ஆஸ்பத்திரியைச் சிட்னியில் ஒரு பெரிய கொட்டகைக்குள் கட்டியிருந்தார்கள். நான் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர். நோயாளியின் தலைமாட்டில் நிற்பேன், மெஷினைப் பார்ப்பேன், இடைக்கிடை "இரத்த அழுத்தம் இறங்குது" என்பேன். அந்த வசனத்தைச் சொல்லத்தான் என்னைப் பிடித்திருந்தார்கள்.

மூத்த சர்ஜன் வேடத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு நடிகரை அழைத்து வந்தார்கள். அவர் கொட்டகைக்குள் நுழைந்ததும் லைட் பிடிக்கிற ஆட்கள் ஏணியில் நின்றபடியே கத்தத் தொடங்கினார்கள். "அந்த ஷெரிஃப் நீங்கள்தானே?" "பாதிரியாராக வந்து பணத்தோடு ஓடினது நீங்கள்தானே?" ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. எல்லோருக்கும் அவர் முகம் தெரியும். அவர் ஒவ்வொருவராகப் பார்த்து, "ஓம், நான்தான்; ஓம், அதுவும் நான்தான்" என்று தலையாட்டிக்கொண்டு போனார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பன் போல இருந்தது.

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் எனக்கு அது நினைவில் இருப்பது நான் பேசும் தமிழில். அப்படியே சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள்.

சோள வயல்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். சப்பாத்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டிருக்கிறார். தொலைக்காட்சியில் அவருடைய முதல் வேடம், ஆற்றங்கரையில் கிடக்கும் பிணம். "குளிர் தாங்காமல் தும்மிப்போட்டன். பிணம் தும்மினதைப் பார்த்து டைரக்டர் சிரிச்சார். அடுத்த கிழமை உயிரோட ஒரு வேடம் தந்தார்" என்று சொல்லுவார். அதற்குப் பிறகு தன் நாட்டில் ஓடின துப்பறியும் தொடர், வக்கீல் தொடர், குதிரைத் தொடர் எல்லாவற்றிலும் ஒரு முறையாவது தலை காட்டியிருக்கிறார். மனைவி இறந்து சில வருடங்கள். பிள்ளைகள் வேலையை விடச் சொல்கிறார்கள். "வீட்டில இருந்து என்ன செய்யிறது, டொக்டர்? நானே நடிச்சதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறதோ?"

செட்டுக்கு வெளியிலும் என்னை டொக்டர் என்றுதான் கூப்பிடுவார். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்காரப் போனால், "இல்லை, முன்னால இருங்கோ. உங்கட முகத்தைப் பார்த்துக் கதைக்கிறதுதான் எனக்கு விருப்பம்" என்பார். அமெரிக்க மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சில கிழமைகள் நடைபாதைக் காட்சிகளும் அலுவலக அறைக் காட்சிகளும் எடுத்தார்கள். மனிதர் பிசகவே இல்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவதிலேயே, இந்த ஆள் நாற்பது வருடம் சர்ஜனாக இருந்தவர் என்று நம்பவைத்துவிடுவார்.

பிறகு அறுவைச் சிகிச்சைக் காட்சி வந்தது.

எல்லோரும் பச்சை அங்கி, தொப்பி, முகக்கவசம். வெளியே தெரிவது கண் மட்டும். நடுவில் நோயாளி. ஒரு பக்கம் அமெரிக்கர், எதிரே கதாநாயகனாக நடிக்கும் இளம் சர்ஜன். இளையவர் கேள்வி கேட்பார், அமெரிக்கர் பதில் சொல்வார். நீளமான காட்சி, இடையில் வெட்டாமல் எடுக்க வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். இயக்குநர் ஒரு பெண், கெட்டிக்காரி. ஆனால் அன்றைக்கு நேரம் அவர் கழுத்தில் கத்தி வைத்திருந்தது.

முதல் டேக்கில் இளம் சர்ஜன் பேசி முடிக்கும் முன்பே அமெரிக்கர் பதில் சொன்னார். அடுத்த டேக்கில் இளையவர் பேசி முடித்த பிறகும் இவர் சும்மா நின்றார். அதற்கடுத்ததில் வேறு எங்கேயோ இருந்த பதிலைச் சொன்னார். நெற்றியெல்லாம் வியர்வை. வசனத்தை நினைவூட்டும் பெண் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். அமெரிக்கர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதியம் வரை இதே கூத்து. கடைசியில் இயக்குநர், "சாப்பிட்டு வருவோம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

என் அங்கியை வாங்க வந்தவர் வித்யா. கெல்லிவில்லில் இருந்து வரும் உடை அலங்காரக்காரர், ஊர் கோயம்புத்தூர்.

"ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியுமா? அவருக்கு மறதி நோய் வந்துடுச்சுன்னு பேசிக்கிறாங்க. புரொட்யூசர் வேற ஆளுக்கு போன் போட்டுட்டு இருக்கார். அவரோட சர்ஜன் கோட்டை இன்னொரு சைஸ்ல எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க."

"இண்டைக்கேயோ?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சான்ஸ். அதுவும் சரியா வரலைன்னா அவ்வளவுதான். பாவமா இருக்கு ஆன்ட்டி."

மறதி என்றால் எனக்குத் தெரியும். என் மாமியாரை வைத்துப் பார்த்தவள் நான். மறதிக்காரர் தடுமாறும்போது கண் உள்ளே போகும், தேடும். இவருடைய கண் உள்ளே போகவில்லை. வெளியேதான் தேடியது. ஒவ்வொருவர் முகமாக, முகக்கவசமாக, மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கேரவனுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. எனக்கு முதுகு காட்டி நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடி, நல்ல தெளிவாகச் சொன்னேன்: "உங்கட காற்சட்டையில நெருப்புப் பிடிச்சிருக்கு."

அவர் துவாயை எடுத்து ஆறுதலாக முகம் துடைத்தார்.

"பின்பக்கம் எரியுது" என்றேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

துவாயை மடித்து வைத்துவிட்டுத் திரும்பியவர், என்னைக் கண்டு திடுக்கிட்டார். "எப்ப வந்தனீங்கள்?"

"உங்கட காற்சட்டையில நெருப்பு எண்டு சொல்ல வந்தனான்."

என் வாயைப் பார்த்தார். குனிந்து காற்சட்டையைப் பார்த்தார். பிறகு விளங்கிவிட்டது. சிரித்தார், சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார். சிரிப்பு நின்ற பிறகும் எழும்பவில்லை.

"எவ்வளவு காலமாய்?" என்று கேட்டேன், அவருக்கு முன்னால் உட்கார்ந்து.

"வலது காது போய்க் கனகாலம். இடதும் இப்ப போகுது. வாயைப் பார்த்துச் சமாளிப்பன். முகமூடி போட்டால் எப்பிடிச் சமாளிக்கிறது? எல்லாற்றை வசனத்தையும் பாடமாக்கிப்போட்டு, கண்ணைப் பார்த்துக் கணக்குப் பண்ணினன். சரிவரேல்லை."

"காது மெஷின் இல்லையோ?"

மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார். சின்னப் பெட்டி, உள்ளே புத்தம் புதிதாகக் காது மெஷின்.

"ஏன் போடேல்லை?"

"கிழவன் ஒரு வசனத்தை மறந்தால் மன்னிப்பினம், டொக்டர். காது கேக்காது எண்டு தெரிஞ்சால் அடுத்த முறை கூப்பிடமாட்டினம்."

"இந்த முறையே போகப்போகுது. உங்கட கோட்டை வேற ஆளின்ரை அளவில எடுத்து வைக்கச் சொல்லிப்போட்டினம்."

அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை. சுற்றி நின்றவர்கள் காலையிலிருந்து குசுகுசுத்தது அவருக்கு எப்படிக் கேட்கும்?

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நேரே போய் இயக்குநரிடம் சொல்லியிருக்கலாம். அமெரிக்கருக்கு உதவியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது அவருடைய காது, அவருடைய தொழில். அவர் ஆயுள் முழுக்கக் கட்டின வீட்டின் திறப்பை நான் எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. சும்மா இருக்கவும் முடியாது. நான் அவரிடமே கேட்டேன்.

"நான் சொல்லமாட்டன். சொல்லுறதும் விடுறதும் உங்கட விருப்பம். ஆனால் நான் உங்கட கண்ணுக்குத் தெரியிற இடத்தில, தலைமாட்டில நிக்கிறன். உங்கட முறை வரேக்கை ஏதாவது செய்து காட்டட்டோ?"

யோசித்தார். "உங்கட மயக்க மருந்து மெஷினில ஒரு திருகு இருக்கெல்லே? அதில கை வையுங்கோ. நீங்கள் கை வைச்சால் நான் தொடங்குவன்."

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி எல்லோரும் பச்சை அங்கிக்குள் புகுந்தோம். புரொட்யூசர் கைகட்டிக்கொண்டு மானிட்டருக்குப் பின்னால் நின்றார். வித்யா ஓரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இளம் சர்ஜன் கேட்டார். நான் திருகில் கை வைத்தேன். அமெரிக்கர் பதில் சொன்னார். மறுபடி கேள்வி, மறுபடி திருகு, மறுபடி பதில். பட்டுப் போல ஓடியது. எனக்கே என் வசனம் மறந்துபோகும் அளவுக்குச் சந்தோஷம். இயக்குநர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

அந்தச் சந்தோஷம் இளம் சர்ஜனுக்கும் தொற்றியது. நல்ல பொடியன், பிழை சொல்ல முடியாது. காட்சி உயிரோடு இருப்பதைக் கண்டு, எழுதிவைக்காத ஒரு கேள்வியைத் தானாகவே போட்டார்: "சேர், பிழையான இடத்தில வெட்டிப்போட்டனோ?"

எனக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பழக்கத்தில் திருகில் வைத்துவிட்டேன்.

"நல்ல வேலை, தொடருங்கோ" என்றார் அமெரிக்கர், கம்பீரமாக.

யாரோ சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. "கட்" என்று சொல்லிவிட்டு எழுந்து செட்டுக்குள்ளேயே வந்தார். கோபத்தை யார் மீதாவது இறக்க வேண்டும். வயதான விருந்தாளி மீது இறக்க மனம் வரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஏன் அந்தத் திருகைப் பிடித்து விளையாடிக்கொண்டே இருக்கிறீர்கள்? அவருடைய கவனம் முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. தயவுசெய்து வெளியே போங்கள். மயக்க மருந்து டொக்டர் இல்லாமலே இதை எடுக்கிறேன்."

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், என் மானம் தப்பிவிடும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகக்கவசம் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. நான் கையுறையைக் கழற்றத் தொடங்கினேன்.

ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. இயக்குநர் முகக்கவசம் போட்டிருக்கவில்லை. அமெரிக்கருக்கு நேர் எதிரே, நல்ல வெளிச்சத்தில் நின்று பேசினார். அன்று அந்த அறுவைச் சிகிச்சை செட்டுக்குள் அந்த மனிதருக்கு ஒரு சொல் விடாமல் விளங்கிய முதல் பேச்சு அதுதான்.

அவர் தன் முகக்கவசத்தைக் கீழே இழுத்தார்.

"டொக்டர் எங்கயும் போகவேண்டாம்" என்றார். "அவ எனக்குத்தான் சைகை காட்டினவ. நான் ஒரு வசனத்தையும் மறக்கேல்லை. எனக்குக் காது கேக்காது."

இளம் சர்ஜன்தான் முதலில் தன் முகக்கவசத்தைக் கழற்றினார். பிறகு கருவி எடுத்துக் கொடுக்கும் நேர்ஸாக நடித்தவர் கழற்றினார். பிறகு நான். ஒருவரும் சொல்லாமலே, ஒவ்வொருவராக, அவர் பார்க்கும்படி வாயைக் காட்டிக்கொண்டு நின்றோம். பார்க்கக் கொஞ்சம் பகிடியாகத்தான் இருந்திருக்கும்.

இயக்குநர் அவருக்கு முன்னால் போய் நின்று, "காது மெஷின் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"கேரவனில இருக்கு. ஆனால் கமராவில தெரியும்."

மருத்துவ விஷயங்களைச் சரிபார்க்க ஓய்வுபெற்ற நேர்ஸ் ஒருவரை வைத்திருந்தார்கள். தேநீர்க் கோப்பையோடு மூலையில் இருந்தவர் அங்கிருந்தே சொன்னார்: "சர்ஜன்மாருக்கும் வயசு போகும். காது மெஷின் போட்ட டொக்டரோடு நான் வேலை செய்திருக்கிறேன். அவருக்கு எங்கள் எல்லாரையும்விட நல்லாகக் கேட்டது."

இயக்குநர் புரொட்யூசரைப் பார்த்தார். புரொட்யூசர் கூரையைப் பார்த்தார். "போய் எடுத்துக்கொண்டு வரட்டும்" என்றார் இயக்குநர். என்னிடம் திரும்பி, "நீங்கள் உங்கள் இடத்தில் நில்லுங்கள்" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் திருகடியில் என் கை மேல் வெளிச்சம் விழும்படி லைட்டைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். அது போதும் எனக்கு.

பிறகு என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் தேனும் பாலுமாக முடியவில்லை. மறுநாள் காப்புறுதி ஆட்கள் வந்து அவரை ஒரு அறைக்குள் வைத்துத் துருவித் துருவிக் கேட்டார்கள். எழுதுகிறவர்கள் அவருடைய பாத்திரத்துக்குக் காது மெஷினைச் சேர்த்து எழுதினார்கள். அந்த வருடம் முழுக்க நடித்தார். அடுத்த வருடம் அவரைக் கூப்பிடவில்லை. அவர் பயந்தது பாதி உண்மைதான். மறுபாதியை அவரே வீடியோ அழைப்பில் சொன்னார்: "இப்ப செவிட்டுக் கிழவன் வேடம் எண்டால் அமெரிக்காவில என்னைத்தான் கூப்பிடுகினம், டொக்டர். போன மாசம் கேக்கிற காதுள்ள ஒருத்தன் எனக்குப் போட்டியாய் வந்தான். வாயைப் பார்க்கத் தெரியேல்லை, தோத்துப்போனான்." அந்த இயக்குநர் பிறகு எடுத்த இரண்டு தொடர்களிலும் எனக்கு வேடம் தந்தார். என் கையில் எதையாவது கொடுத்து வைப்பதில் மட்டும் எப்போதும் கவனமாக இருந்தார்.

நீங்கள் நடிப்புப் பள்ளிகளில் எதிரே நடிப்பவர் பேசுவதைக் கவனியுங்கள் என்று படித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான், ஒருவர் தடுமாறும்போது ஏன் என்று பார்ப்பதும் அந்தக் கவனத்துக்குள்தான் வருகிறது என்று எனக்குப் பட்டது. செட்டில் ஒருவரைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரிப் பேசினால், நீங்கள் ஒருமுறை போய் நேரில் பாருங்கள். அவ்வளவுதான் என் உபதேசம்.

அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன். அவர் கேரவனிலிருந்து மெஷினை மாட்டிக்கொண்டு வந்தார். தொப்பிக்குக் கீழே காதோரம் சின்னதாகத் தெரிந்தது. எல்லோரும் முகக்கவசம் போட்டோம். இயக்குநர் "அமைதி" என்றார். அமைதியானது. அந்த அமைதிக்குள் அமெரிக்கர் தலையைச் சரித்து, சுற்றிலும் பார்த்தார்.

"ஆர் இப்பிடி மூச்சு விடுறது?"

"நான்தான்" என்றேன்.

"இவ்வளவு நாளும் இப்பிடியோ?"

"பிறந்ததில இருந்து."

"கடவுளே" என்றார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பையும் அவர் தலையைச் சரித்தபடி கடைசி வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு "ஆக்‌ஷன்". இளம் சர்ஜன் கேள்வி கேட்டார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அமெரிக்கர் பதில் சொன்னார். அடுத்த கேள்வி, அடுத்த பதில். காட்சியின் பாதியில் இளம் சர்ஜன் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அமெரிக்கர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இயக்குநரைப் பார்த்தார்.

"நல்லாக் கேட்டது" என்றார். "இப்ப மெய்யாவே மறந்துபோச்சு."

இயக்குநர் சிரித்துக்கொண்டே "கட்" சொன்னார். திரும்ப எடுத்தோம்.